டீசல் காரின் இரண்டு ஃபில்டர்கள்: இதுவரை செய்து பார்த்தது

டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அடைக்கிறது என்று சொல்லும் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்ததும் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு யோசனை கிடைத்தது. ஒன்று, புதுசு போடுங்கள். இன்னொன்று, உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டித் தருகிறோம். முதலாவதன் விலை கேட்டால் மயக்கம் வரும். இரண்டாவது சட்டப்படி தவறு, பின்னால் வருபவர் மூச்சுக்கும் கேடு. கரி பின்னால் சேர்கிறது என்றால் காரணம் முன்னால்தான் இருக்கும் என்று பட்டதால், நானே ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்று இறங்கினேன். வண்டி 2021 மாடல், பிஎஸ்6 புகை விதிப்படி வந்தது, 1.5 லிட்டர் டீசல்.

முதலில், வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதை ஃபோன் ஆப்பில் காட்டும் ஓபிடி அடாப்டரை மாட்டி எண்களைப் பார்த்தேன். எல்லா ஆப்பும் டிபிஎஃப் விவரம் காட்டாது; அந்த வண்டிக்கான குறியீடுகளை ஏற்றும் வசதி இருக்க வேண்டும். கரி அளவு ஏறிக் கிடந்தது. சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துத் தீர்க்கும் வேலைக்கு ரீஜெனரேஷன் என்று பெயர்; கடைசியாக நடந்தது பாதியில் நின்றிருந்தது. வியப்பில்லை. கோவைக்குள் பீளமேடு, காந்திபுரம் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டி இது. டிபிஎஃப் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். ஒரு முனை அடைத்த குழாய்கள் அடுத்தடுத்து இருக்கும், புகை சுவர் வழியாகத்தான் வெளியேற முடியும், கரி அங்கேயே தங்கிவிடும். அதை எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். டவுன் ஓட்டத்தில் அந்தச் சூடு எங்கே வருகிறது?

அடுத்து டீசல் ஃபில்டர். மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் வந்துவிட்டது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாய்தான் காமன் ரெயில்; அதில் பிரஷர் 1600 பாருக்கு மேல் போகும். இன்ஜெக்டர் துளையோ முடியளவு. அதில் தூசியோ தண்ணீரோ போனால் டீசல் பனியாகத் தெளிக்காமல் சொட்டும், சரியாக எரியாது, கரிதான் மிஞ்சும். அந்தக் கரி நேராக டிபிஎஃப்புக்கு.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் தொட்டேன். ஃபில்டர் இருப்பது குறைந்த பிரஷர் பக்கம். ரெயில் பக்கத்து இரும்புக் குழாய்களில் கை வைக்கவே கூடாது. அங்கே இன்ஜின் ஓடும்போது பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, வந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு தெளிவான படலம் தனியாக நின்றது. தண்ணீர். டீசலைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கிவிடும். டேங்கின் காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்றுதான் தண்ணீராகப் படியும் என்பதால், மழைக்காலத்தில் அரை டேங்கோடு நிறுத்தி வைக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி நிரப்பி மாட்டச் சொல்வார்கள். நான் ஊற்றவில்லை. கேனில் இருந்து ஊற்றும்போது வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்தில் இறங்க வாய்ப்பு இருக்கிறது. கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் மட்டும் கொஞ்சம் டீசல் தடவி மாட்டி, சாவியை ஸ்டார்ட் வரை போகாமல் ஆன் செய்து, டேங்க் பம்பின் முனகல் நிற்கும்வரை காத்திருந்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படிச் சில தடவை செய்ததில் ஏர் எல்லாம் வெளியேறி, ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. ஏர் எடுக்காமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் ஹை பிரஷர் பம்ப் வறண்டு தேயும். அதற்கு எண்ணெய்ப்பசை தருவதே டீசல்தான்.

பழைய ஃபில்டரை ஹேக்சாவால் அறுத்தும் பார்த்தேன். மடிப்புகளின் வெளிப்பக்கம் கரும்பழுப்பு, உள்பக்கம் வெளுப்பு. தன் வேலையைச் செய்திருக்கிறது, பாவம்.

அப்புறம் நெடுஞ்சாலை. ரிசர்வுக்கு மேல் டீசல் இருந்தால்தான் ரீஜெனரேஷன் தொடங்கும் என்பதால் டேங்கை நிரப்பி, நீலாம்பூரில் ஏறி பெருந்துறை பக்கம் ஓட்டினேன். மேல் கியருக்குப் போகாமல் ஆர்பிஎம்மை 2500-ஐ ஒட்டி வைத்தேன். அவிநாசி தாண்டியதும் புகையின் சூடு மளமளவென்று ஏறியது, மைலேஜ் காட்டும் எண் சரிந்தது. எரிந்து முடியும்வரை எங்கும் நிறுத்தவில்லை. டீ கூட இல்லை! கரி அளவு அடிமட்டத்துக்கு வந்து, விளக்கும் அணைந்தது.

வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக் எடுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. ஆயில் கூடினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ரீஜெனரேஷனுக்காகத் தாமதமாகத் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும்; பாதியில் நின்ற முயற்சிகள் சேரச் சேர இது கூடும். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். அதனால் கெடு வருவதற்கு முன்பே ஆயிலை மாற்றினேன். மேனுவலில் போட்டிருக்கும், சாம்பல் குறைவான ஏசிஇஏ சி3 வகை மட்டும். சாம்பல் அதிகம் தரும் ஆயில் மலிவாகக் கிடைக்கும்; ஆனால் கரி எரியும், சாம்பல் எரியாது, டிபிஎஃப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இப்போது டவுனில் ஓடினாலும் நடுநடுவே ஒரு நெடுஞ்சாலை ஓட்டம் வைத்துக்கொள்கிறேன். கரி எண் மெதுவாகத்தான் ஏறுகிறது. பாக்கி இருப்பது, டிபிஎஃப்பின் அடைப்பை அளக்கும் பிரஷர் சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ். அதில் விரிசல் இருந்தால் சென்சார் தப்பாகக் காட்டும். வண்டியை ராம்பில் ஏற்ற இடம் கிடைத்ததும் அதைப் பார்க்க வேண்டும்.