அம்மிணியின் சிறுநீரகமும் நான் அலைந்த அலைச்சலும்

குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி அம்மிணி தண்ணீர் குடிப்பதைப் பார்த்த அன்றே அவளை மருத்துவரிடம் தூக்கிச் சென்றேன். 14 வயதுப் பூனை, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் வழக்கத்தைவிட இரு மடங்கு பெரிதாகியிருந்தன, எடை 4.4 கிலோவிலிருந்து 3.6 கிலோவுக்கு இறங்கியிருந்தது. இத்தனையும் சொன்ன பிறகும் அந்த மருத்துவர், “வயசாயிடுச்சும்மா, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு சத்து மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டதற்கு, வெயில் காலத்தில் எல்லாப் பூனைகளும் தண்ணீர் குடிக்கும் என்றார். அந்தப் பதிலை நம்பி மூன்று வாரங்களை இழந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயர்ந்து காட்டும் என்பதால், வயதான பூனையிடம் தாகமும் எடையிழப்பும் சேர்ந்து தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பரிசோதனையை நீங்களே வற்புறுத்திக் கேளுங்கள்.

நான்காவது வாரம் அவள் சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, நுரை நுரையாக வாந்தி எடுத்தாள். இரண்டாவதாகப் போன இடத்தில் உடனே ரத்தம் எடுத்தார்கள், ஆனால் அதை மனிதர்களுக்கான பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கிரியாட்டினின் 5.4, யூரியா 182 என்று தாளில் வந்ததைப் பார்த்த மருத்துவர், கடைசிக் கட்டம் என்றும், வேதனைப்படுத்தாமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவது நல்லது என்றும் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார். ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்ததுதான் இந்த எட்டு மாதங்களில் நான் செய்த மிகச் சரியான காரியம்.

மூன்றாவது மருத்துவர் அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது எண்ணை அல்ல, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சொல்லை. நம் ஊர்க் கூடங்களில் பெரும்பாலும் ‘ரத்த யூரியா’ என்றே குறிப்பிடுவார்கள். கால்நடை மருத்துவ நூல்களிலுள்ள அளவுகளோ ‘யூரியா நைட்ரஜன்’ கணக்கில் இருக்கும். யூரியாவை 2.14 ஆல் வகுத்தால்தான் நைட்ரஜன் கணக்குக் கிடைக்கும். அப்படி வகுத்தபோது 182 என்பது 85 ஆயிற்று. அதுவும் கூடுதல்தான் என்றாலும், 182 என்று நினைத்துக்கொண்டு முடிவெடுப்பதற்கும் 85 என்று அறிந்து முடிவெடுப்பதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது. மேலும், உடலில் நீர் வற்றிய நிலையில் எடுத்த கிரியாட்டினினை வைத்து நோயின் நிலையைத் தீர்மானிக்கவே கூடாது என்றார். நான்கு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிவிட்டு, அடுத்த வாரம் மீண்டும் சோதித்தபோது கிரியாட்டினின் 3.6. பூனை, நாய்களின் சிறுநீரக நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் ஐரிஸ் என்னும் பன்னாட்டுக் குழுவின் பகுப்பில் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. அம்மிணி மூன்றில் இருந்தாள்.

சிறுநீர்ப் பரிசோதனைக்காக ஓர் ஆட்டோப் பயணம் வீணானது. வயிற்றின் வழியாக ஊசியால் எடுக்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போகிற வழியிலேயே கூடையில் பெய்துவிட்டாள். மறுமுறை, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மணல் தட்டை எடுத்து மறைத்து வைத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.

என்னை மிகவும் பதறவைத்தது மருந்துக் கடையில் நடந்ததுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை, அதாவது ஆர்.எல்., வீட்டிலேயே தோலடியில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். சீட்டைக் கொடுத்தேன், கடைக்காரர் இரண்டு பாட்டில்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடேற்றும்போதுதான் ‘டெக்ஸ்ட்ரோஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டது; சர்க்கரை கலந்த திரவம் அது. திரும்ப ஓடியபோது, “எல்லாம் குளுக்கோஸ்தான் மேடம், ஸ்டாக் இருக்கறதைக் கொடுத்தேன்” என்றார். சொட்டு சொட்டாக ஏற்றும் எதையும் குளுக்கோஸ் என்றே சொல்லிப் பழகிவிட்ட நம் பேச்சு இங்கே பூனையின் உயிரோடு விளையாடுகிறது. டெக்ஸ்ட்ரோஸ் கலந்த திரவத்தைத் தோலடியில் ஏற்றினால் அந்த இடம் புண்பட்டுச் சீழ்க்கட்டி வரக்கூடும். அன்றிலிருந்து பெயர்ச்சீட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்காமல் எந்தப் பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

முதல் வாரம் ஊசி போடுவதில் தோற்றுக்கொண்டே இருந்தேன். தோள்களுக்கு நடுவிலுள்ள தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து, அந்தக் கூடாரத்தின் அடிவாயில் ஊசியைச் செலுத்த வேண்டும். நான் உயரமாகக் குத்தியதால் மறுபக்கம் வெளியே வந்து, அவளுடைய ரோமமும் என் மடியும் நனைந்தன. 23 அளவு நீல ஊசி மெல்லியது என்பதால் வலிக்காது என்று நினைத்தேன். ஆனால் 100 மி.லி. இறங்க அரை மணிக்கு மேலாகி, அவள் பொறுமையிழந்து கத்தினாள். அதைவிடத் தடித்த 20 அளவு மஞ்சள் ஊசிக்கு மாறியதும், பாட்டிலைச் சன்னல் கம்பியில் உயரமாக மாட்டியதும், ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஏற்றிய நீர் சரிந்து முன்காலருகே பை போலத் தொங்கினால் பயப்பட வேண்டாம். அது மெல்ல வற்றிவிடும். மூச்சு வேகமானால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்தத் திரவமே ஆபத்தாகிவிடும் என்பதால் அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது.

உணவில் நான் செய்த தவறு, குமட்டல் அடங்குவதற்கு முன்பே சிறுநீரகப் பூனைகளுக்கான உணவை வைத்தது. அந்த வாசனைக்கும் நோவுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அந்த வகையை அவள் பிறகு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேறொரு வகையை வாங்கி, வழக்கமான மீனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற ஐந்து வாரங்கள் ஆயின. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறிவிடும் பாஸ்பரஸைக் குறைக்கும் மருந்தான அலுமினியம் ஹைட்ராக்சைடு குடலில் உணவோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். சீட்டில் ‘இரு வேளை’ என்று மட்டும் இருந்ததால் இரண்டு வாரம் தனியாகக் கொடுத்து வீணாக்கினேன். கடையில் கிடைக்கும் வயிற்றெரிச்சல் சிரப்புகள் பலவற்றில் மக்னீசியமும் கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதான உடலில் அது தேங்கிவிடும் என்பதால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

போன வாரப் பரிசோதனையில் கிரியாட்டினின் 3.3, பாஸ்பரஸ் 6.8 இலிருந்து 4.7, எடை 3.9 கிலோ. திரும்பும் வழியில் ஆர்.எல். வாங்க அதே கடைக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர் பாட்டிலை எடுத்து, பெயர்ச்சீட்டை என் பக்கம் திருப்பிப் பிடித்து, “டெக்ஸ்ட்ரோஸ் இல்லாதது மேடம், படிச்சுப் பார்த்துக்குங்க” என்றார்.