17 பவுண்டுக்குள் லைட் கன்: முதலில் பேரல்

அமெரிக்காவின் 1000 கஜ பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும்) போட்டிகளில் லைட் கன் பிரிவுக்கு எடை வரம்பு 17 பவுண்ட், அதாவது சுமார் 7.71 கிலோ. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் இதற்குள் அடக்கம். அதனால் ஸ்டாக்கை (துப்பாக்கியின் கட்டையை) முதலில் வாங்காதீர்கள்; கணக்கு பேரலில், அதாவது குழலில், தொடங்கட்டும்.

28 அங்குல நீளம், 6 மி.மீ. துளை, 1.25 அங்குல நேர் உருளை என்றால் ஸ்டெயின்லெஸ் பேரல் மட்டுமே ஏறத்தாழ 9.25 பவுண்ட். அதையே முதல் 5 அங்குலத்துக்குப் பின் படிப்படியாக மெலிய வைத்து முனையில் 0.9 அங்குலமாக்கினால் 7.25 ஆகிவிடும். அந்த 2 பவுண்டில்தான் மொத்த விளையாட்டும். ஆக்‌ஷனுக்கு (பேரல் பூட்டப்படும் இயந்திரப் பகுதி) 2.75, ஸ்டாக்குக்கு 3.5, ஸ்கோப்புக்கு 1.75, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களுக்கும் பெட்டிங் எபாக்சிக்கும் (இயந்திரப் பகுதியை ஸ்டாக்கில் அசையாமல் பதிக்கும் பசை) அரை பவுண்ட் என்று ஒதுக்கினால் 15.75 வரும். மிச்சத்தை ஸ்டாக்கின் பின்பகுதியில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஈயமாக வையுங்கள். முன்பாரம் குறையும், சுடும்போது துப்பாக்கி பக்கவாட்டில் புரள்வதும் தணியும்.

பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது போல்ட், ட்ரிகர், பெயின்ட், ட்யூனர் (பேரல் முனையில் அதிர்வைச் சரிசெய்யப் பொருத்தும் எடை). எல்லாம் பூட்டிய பிறகு எடை மிஞ்சினால் பேரல் முனையில் ஓர் அங்குலம் வெட்டலாம். குறைவது 75 கிராம்தான், வேகமும் கொஞ்சம் போகும். ஸ்டாக்கைக் குடைந்து இளைக்க வைப்பதை நான் ஏற்கவில்லை, விறைப்பு போய்விடும். போட்டித் திடல் தராசு வீட்டுத் தராசோடு ஒத்துப்போகாது. 100 கிராம் இடைவெளி விடுங்கள்.