தெப்பக்குளத்துல ரெண்டு சுண்டல் வண்டி

சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் போனா பாருங்க, அம்புட்டு நீளக் கரையில ரெண்டு சுண்டல் வண்டியும் நட்டநடுவுல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏண்ணே ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு நிக்கலாம்லன்னு கேட்டேன். "நான் அங்கிட்டு தள்ளிப்போனா நடுவுல வர்ற ஆளையெல்லாம் அவென் அள்ளிருவான் தம்பி"ன்னாரு. அட, ஹோட்டலிங்னு ஒரு பொருளாதாரக்காரர் 1929ல எழுதுனதும் இதேதான் (பேருக்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தமில்ல). தனியா நகந்தா நகர்றவனுக்குத்தான் நட்டம், அதனால ரெண்டு பேரும் அசைய மாட்டாங்க, இதத்தான் கேம் தியரில (அடுத்தவன் என்ன செய்வான்னு பாத்து நாம முடிவெடுக்குற கணக்கு) நாஷ் சமநிலைங்கறாங்க, ஜான் நாஷ்ங்கற கணிதக்காரர் 1950ல சொன்னது, 1994ல நோபல் பரிசு வாங்குனாரு. செல்போன் கம்பெனிகளுக்கு அலைவரிசை விக்கிற ஸ்பெக்ட்ரம் ஏலம் வரைக்கும் இந்த மாதிரி கணக்குதான் ஓடுது. பிரிஞ்சு நின்னாலும் யாவாரம் பாதிப்பாதிதான், நமக்கு நடை மிச்சம், ஆனா எவன் மொதல்ல நகர்றது? மாங்கா தூக்கலா போடச் சொல்லி ரெண்டு வண்டியிலயும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிட்டு வந்துட்டேன்.