சோழவரத்தில் ஓடிய ஹெரால்டுக்கு டயர் தேடியது

சென்னை அருகே சோழவரத்தில் அந்தக் காலத்தில் நடந்த ரேஸில் ஓடிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து வருகிறேன். எஞ்சின் பேசுகிறது, கியர்பாக்ஸ் ஏறியாகிவிட்டது. டயரில்தான் வேலை நின்றது. முன்னால் பழைய ரகமான கிராஸ்-ப்ளை, பின்னால் இன்றைய ரகமான ரேடியல், இரண்டும் வெவ்வேறு சைஸ். ரேடியலின் பக்கவாட்டில் இருந்த தேதிக் குறியீடு மூன்றே இலக்கம். 2000-க்கு முன் செய்த டயருக்குத்தான் மூன்று இலக்கம். அதன்பின் வாரத்துக்கு இரண்டு, வருஷத்துக்கு இரண்டு என நான்கு வரும். இருந்ததைப் பார்த்து அதே சைஸை வாங்கிப் போட வழியில்லை.

வண்டலூர் ஃபாக்டரியிலிருந்து வந்த ஹெரால்டுக்கு 5.20-13 டயர், அதாவது அகலம் 5.20 அங்குலம், ரிம் 13 அங்குலம். ஆனால் ரேஸுக்குத் தயார் செய்த காருக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கம்பெனி ரிம்மை அறுத்து, நடுவில் இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்து அகலப்படுத்துவது அன்று வழக்கம். என் காரின் ரிம்மிலும் உள்பக்கம் சுற்றிலும் அந்த வெல்டு தழும்பு ஓடுகிறது.

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் வண்டிப் பெயரைச் சொன்னதும், "175/70 ஆர் 13 போடுங்க சார், அகலமா இருந்தா கிரிப் வரும்" என்றார்கள். 175 டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 70 என்பது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது; ஆர் என்றால் ரேடியல்; 13 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சோழவரம் காலத்திலிருந்தே ஹெரால்டு பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "டயரை விடு தம்பி, முதல்ல ரிம்மை அள. வெளி விளிம்பை அளக்காத, டயர் உட்கார்ற இடத்தை அள" என்றார்.

டயரைக் கழற்றிவிட்டு, பீட் (டயரின் உள்விளிம்பு) உட்காரும் இடத்தில் காலிப்பர் வைத்தேன். 114 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம். அதே ரிம்மை வெளியே டேப் பிடித்தால் ஐந்தரை அங்குலத்துக்குக் கிட்ட வருகிறது. இந்த ஓர் அங்குலத்தில்தான் பலரும் தவறான டயர் வாங்குகிறார்கள். 175/70-க்கு நாலரை அங்குல ரிம் என்பது கடைசி எல்லை. டயர் ஏறும், ஆனால் பக்கவாட்டு பிதுங்கி, வளைவில் மடங்கும். 155/80 ஆர் 13-க்கோ நாலரைதான் சரியான அளவு.

அடுத்தது உயரம். 155-இல் 80 சதவீதம் 124. அதை இரண்டால் பெருக்கி, 13 அங்குல ரிம்மின் 330 மில்லிமீட்டரைக் கூட்டினால் 578. பழைய 5.20-13 ஏறக்குறைய 580 இருக்கும். கியர் விகிதமும் ஸ்பீடோமீட்டரும் அப்படியே நிற்கும். 145/80 போட்டால் விட்டம் 562-ஆக இறங்கி, அதே வேகத்துக்கு எஞ்சின் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும்.

இடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஹெரால்டில் சுகமான வேலை. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்வதால் முன் டயர் முழுசாகக் கண்முன் நிற்கும். இந்தக் காரின் ஸ்டியரிங் அபாரமாக ஒடியும். கடைசி வரை ஒடித்து, டயர் சேஸிஸை உரசுகிறதா என்று இருபக்கமும் பார்த்தேன். உரசவில்லை. பின்பக்கம்தான் நிதானம் வேண்டும். அது ஸ்விங் ஆக்ஸில், சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆக்ஸிலோடு சேர்ந்து சாயும். பாடியை ஜாக்கியில் தூக்கினால் இரண்டு சக்கரமும் அடிப்பக்கம் உள்ளே மடங்கும்; இறக்கி பாரம் ஏற்றினால் மேல்பக்கம் உள்ளே சாயும். அதனால் சக்கரத்தின் அடியில் ஜாக்கி கொடுத்து மேலே தள்ளித்தான் மட்கார்டு இடைவெளியை அளக்க வேண்டும். கார் சும்மா நிற்கும்போது எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. அகல டயரை நான் ஒதுக்கியதற்குப் பெரிய காரணமும் இந்த ஆக்ஸில்தான். வளைவில் பின் டயர் அளவுக்கு மீறிப் பிடித்தால் வால் மேலே எழும்பி, சக்கரம் மடங்கி, கார் சட்டென்று சுழன்றுவிடும்.

155/80 ஆர் 13 வேகன்ஆரிலும் வரும் சைஸ் என்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. நான்கும் ஒரே பிராண்டு, ஒரே தேதிக் குறியீடு பார்த்து எடுத்தேன். ரிம் பழைய ட்யூப் ரகம், வெல்டு வேறு இருக்கிறது. அதனால் உள்ளே ட்யூப் போட்டேன். அதற்கு முன் வெல்டிலும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றியும் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம் தடவிப் பார்த்தாயிற்று. பழைய ரிம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டும் முன் டயர் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு இழுத்தோம். சில சுற்று போய் வந்து பார்த்தால் முன் டயரில் கோடு பக்கவாட்டு வரை அழிந்திருந்தது, அதாவது வளைவில் டயர் அதிகமாக மடங்கியிருக்கிறது. முன்பக்கம் காற்றை இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றி, மறுபடி கோடு இழுத்து ஓட்டினோம். ட்ரெட் முடியும் விளிம்போடு அழிவது நின்றதும் அந்த அளவை டாஷ்போர்டில் எழுதி ஒட்டிவிட்டேன்.