ஜன்னல் இல்லாத அறையும் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று இரவுகளும்

கோலாலம்பூரில் ஹோட்டல் ரூம் போடப் போகிறீர்களா? விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று ராத்திரிதான் திருச்சி வந்து இறங்கினோம். பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை, ஆனால் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது.

பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. அவருக்கு 68 வயது, முட்டிவலி வேறு. இந்தியர்களுக்கு இப்போது மலேசியாவுக்கு விசா வேண்டாம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும், அரசாங்கத் தளத்தில் அதற்குக் கட்டணமும் கிடையாது. காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். திருச்சியிலிருந்து சுமார் நாலு மணி நேரம்தான் விமானம். நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால், அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், இறங்கும்போது காலை ஏழு ஆகிவிடுகிறது.

விமான நிலைய வாசலில் ஒரு டிரைவர் வந்து பெட்டியில் கை வைத்துவிட்டார். "பிரிக்ஃபீல்ட்ஸ்தானே, 150 ரிங்கிட்." கோலாலம்பூரில் நம் தமிழர்கள் நிறைந்த பகுதி அது, எங்கள் ஹோட்டலும் அங்கேதான். ரிங்கிட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மூவாயிரம் ரூபாய். வேண்டாம் என்றதும் 130, அப்புறம் 120, பத்து அடிக்குப் பின்னாலேயே வந்தார். கிராப் என்ற வாடகைக் கார் செயலியில் பார்த்தால் டோல் தவிர 70 ரிங்கிட்! நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு அதிவேக ரயில் ஆளுக்கு 55, வேகமாகப் போய்விடலாம். தனியாகப் போனால் ரயில் சரி. இரண்டு பேர் என்றால் கார்தான் கட்டுப்படியாகும். பெட்டியில் கை வைக்கிற டிரைவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள்.

ஹோட்டல் பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடை தூரம், ராத்திரிக்கு 145 ரிங்கிட். மூன்று ராத்திரிக்குப் போட்டிருந்தேன். எட்டரை மணிக்கே போய்விட்டோம், அறை மூன்று மணிக்குத்தானாம். முன்னாடியே வேண்டுமென்றால் 50 ரிங்கிட் கூடுதல். ராத்திரி முழுக்கத் தூங்காத ஒரு வயதான அம்மா எதிரே நிற்கும்போது இதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது? அப்போது அறைகள் காலியாகவே இருந்தன என்று பின்னால் தெரிந்தபோது கோபம் இன்னும் ஏறியது. தரமாட்டேன் என்று பெட்டிகளை மட்டும் அங்கே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

வந்ததும் நல்லதுக்குத்தான். முன்பு பிரிக்ஃபீல்ட்ஸ் சாலையாக இருந்து இப்போது துன் சம்பந்தன் பெயரில் இருக்கும் தெரு முழுக்க நம் கடைகள், பூக்கட்டு, வெற்றிலை, பாட்டுச் சத்தம். மதியம் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தோம். சோறு, மூன்று காய், அப்பளம், ரசம். அந்தப் பாகற்காய் வறுவலைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதலாம். காகிதம் போல மெல்லிசாக அரிந்து, மசாலா பிரட்டி, நொறுக்கென்று உடைகிற பதத்தில் பொரித்திருந்தார்கள். கசப்பு நாக்கின் ஓரத்தில் கடைசியாகத்தான் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் பாகற்காயைத் தொடாத நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன், முகம் சுளிக்காமல் போட்டார்கள். ஆளுக்கு 13 ரிங்கிட். ஹோட்டலில் காலைச் சாப்பாடு ஆளுக்கு 25 என்று போட்டிருந்ததை நினைத்தால், அதை வாங்காமல் விட்டதுதான் இந்தப் பயணத்தின் நல்ல முடிவு. மறுநாளிலிருந்து காலையில் ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரிக்கும்தான் (இழுத்து ஆற்றிய பால் டீ). இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து ரிங்கிட்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்கு அறைச் சாவி அட்டை வாங்கப் போனால் 130 ரிங்கிட் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அதில் 100 முன்பணம், போகும்போது திரும்பிவிடும். மீதி 30 சுற்றுலா வரி. வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் கட்ட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முன்பதிவுப் பக்கத்தில் அது கடைசியில் பொடி எழுத்தில் கிடந்தது. கையில் ரொக்கம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

கதவைத் திறந்தோம். அறை புத்தம்புதுசு, பளிச்சென்று இருக்கிறது. மெத்தை அருமை. திரைச்சீலைகூட இருக்கிறது. விலக்கினால் பின்னால் சுவர்! வெள்ளைச் சுவருக்கு எதற்குத் திரைச்சீலை? கீழே கேட்டால், நான் போட்டதே ஜன்னலில்லா அறைதானாம். அங்கே நடுத்தர விலை ஹோட்டல்களில் இது சகஜமாம், கட்டடத்தின் நடுவில் விழுகிற அறைகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அதற்குள் மற்ற அறையெல்லாம் நிரம்பிவிட்டது. மறுநாள் மாற்றலாம், ராத்திரிக்கு 25 கூடுதல் என்றார்கள்.

அந்த ஓர் இரவை மறக்க மாட்டேன். அம்மா காலையில் காபிக்கு முன்னால் சூரியனைப் பார்த்துக் கும்பிடுகிறவர். இருட்டில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, விடிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டார். மணி நாலு. மறுபடி ஐந்துக்கு, மறுபடி ஆறுக்கு. ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். ஏசி சத்தத்தைத் தவிர வெளி உலகத்திலிருந்து ஒரு சின்ன ஒலி இல்லை, மழை பெய்ததே காலையில் தரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் குளியலறை. அறைக்கும் அதற்கும் நடுவே முழுக்கக் கண்ணாடி, இடுப்பளவுக்கு மட்டும் ஒரு மங்கல் பட்டை. யாருக்காக இப்படிக் கட்டுகிறார்கள்? அம்மா குளிக்கப் போனால் நான் வராந்தாவில் நின்றேன். வாளியும் குவளையும் கேட்டோம், இல்லை. கை பைப் மட்டும் இருந்தது, அந்த மட்டில் நிம்மதி.

மறுநாள் மதியம் கிடைத்தது பத்தாவது மாடி அறை. லிஃப்டில் மூன்றுக்கு அடுத்து 3ஏ, அப்புறம் ஐந்து. நாலு என்ற சொல் சீன மொழியில் சாவு என்பதுபோல ஒலிக்கும் என்பதால் அங்கே பல கட்டடங்களில் நாலாவது மாடிக்கு அந்தப் பெயரில்லை. அட்டையைத் தொட்டால்தான் லிஃப்ட் நகரும். அட்டை இல்லாமல் கீழே போன அம்மா திரும்பி வர வழியில்லாமல் வரவேற்பறையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த தமிழ்ப் பெண்தான் பேச்சுத் துணை. "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டதாம். காலைச் சாப்பாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பசியாறுவது. அம்மாவுக்கு அந்தச் சொல் அவ்வளவு பிடித்துவிட்டது.

புது அறையில் கிழக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். கீழே சாலைக்கு மேலாக மோனோரயில் வளைந்து போகிறது. கோலாலம்பூரில் விடியவே ஏழு மணி தாண்டுகிறது. அம்மா ஆறிலிருந்து நாற்காலி போட்டுக் காத்திருந்தார். முதலில் தூரத்துக் கட்டடங்களின் ஓரம் சாம்பல் நிறமாகி, பிறகு மோனோரயில் தண்டவாளத்தின் மேல் ஈரம் மின்னியது. பிறகுதான் சூரியன். அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். அந்த 25 ரிங்கிட்டுக்கு நான் ஒரு சென்கூடக் கணக்குப் பார்க்க மாட்டேன்.

பத்துமலைக்கு டாக்சிக்காரர் போக வர 60 கேட்டார். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் கோயில் வாசலுக்கே போகிறது, ஆளுக்கு மூன்று ரிங்கிட்டுக்குள். நடுவில் பெண்களுக்கு மட்டும் இளஞ்சிவப்புப் பெட்டி உண்டு, அதில் ஏறினோம். 42.7 மீட்டர் முருகன் சிலை முன்னால் அம்மா பேசவே இல்லை. 272 படியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். குரங்குகள் பையைப் பிடுங்கும், தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள்.

கேட்பவர்களுக்கு: மூன்று இரவு 435, ஜன்னலுக்கு 50, வரி 30. மொத்தம் 515 ரிங்கிட், கிட்டத்தட்ட 10,300 ரூபாய். சார்ஜருக்கு அங்கே மூன்று தட்டையான முனை கொண்ட பிளக் வேண்டும், இங்கிருந்தே வாங்கிப் போங்கள். டுரியான் பழத்தை அறைக்குக் கொண்டுவரக் கூடாது, மங்குஸ்தானும் கூடாது. மங்குஸ்தான் சாறு விரிப்பில் பட்டால் கறை போகாதாம்.

காலி செய்கிற அன்று காலை வரவேற்பறையில் இருந்த அந்தத் தமிழ்ப் பெண் அறையைச் சரிபார்த்துவிட்டு 100 ரிங்கிட் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தது. அம்மா அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பசியாறிட்டியாம்மா?" என்றார்.

"இன்னும் இல்ல ஆன்ட்டி. எட்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும்."

அம்மா பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.