ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள்

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பாடமெல்லாம் வாட்சாப்புக்கும் கூகுள் மீட்டுக்கும் போய்விட்டது. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் எனக்குத் தெரிந்த பிபிஆர் (அரசு மலிவு விலை அடுக்குமாடி) வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதையும் லாரி ஓட்டும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு அவர் வந்த பிறகுதான் பயிற்சிகளைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்புவார்கள், அதுவும் டேட்டா மிச்சம் இருந்தால். இந்தப் பிள்ளைகளைப் போய் ‘வகுப்புக்கு வராதவர்கள்’ என்று எப்படிச் சொல்வது?

கல்வி அமைச்சு அப்போது எடுத்த கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தது 9 விழுக்காட்டினரிடம்தான். அப்புறம் 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சி வந்தது. நல்ல முயற்சி, ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாதே!

கருவி கிடைத்த வீட்டிலும் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இல்லை, சொல்லித்தர ஆளில்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்தச் சமயத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளில் யாருக்கு இன்னும் வாசிப்பு தடுமாறுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விசாரியுங்கள். செந்தூல் வட்டாரத்தில் வார இறுதியில் சொல்லித்தர நான் தயார். நேரமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.