நூல் பிடித்துப் பார்த்த அச்சு

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை அச்சு ட்ரெய்லரில் இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஆண்டுக்கு நான்கைந்து முறை காருக்குப் பின்னால் மாட்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகக் கொல்லம் வரை போய் வருவோம். சென்ற மாசியில் திரும்பும்போது, புளியரை எஸ் வளைவுகளை இறங்கி வயல்களுக்கு நடுவே சாலை நேராகும் இடத்தில், பின்னால் பைக்கில் வந்த தம்பி முந்தி வந்து கைகாட்டினான். "அண்ணே, ட்ரெய்லர் நண்டு மாதிரி ஒருக்களிச்சு வருது" என்றான்.

அச்சின் மேல் ஸ்பிரிங்காக நின்று ட்ரெய்லரைத் தாங்கும் கமான் பட்டை எதுவும் ஒடியவில்லை. ஆகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தென்காசிப் பட்டறையில் இருந்த அண்ணாச்சியோ பட்டையைத் தொடவே இல்லை. ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை முன்னால் காரோடு மாட்டும் கப்ளரின் நடுவில் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை அச்சின் இரு நுனிகளுக்கும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதலாக இருந்தது. அதாவது அந்தப் பக்கம் அச்சு பின்னால் நகர்ந்திருந்தது.

பட்டைகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள குழியில் அமர்ந்து அச்சை அதன் இடத்தில் வைக்கிறது. ஆனால் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை அன்று; அது பட்டைகளையும் அச்சையும் சேர்த்துக் கவ்வும் யூ (U) வடிவ போல்ட்டுகளின் வேலை. அவை தளர்ந்தால் பள்ளத்தின் அடியும் பிரேக்கின் இழுப்பும் அந்த மெல்லிய போல்ட்டின் மேல் விழுகின்றன. என்னுடையது அப்படித்தான் வெட்டுப்பட்டிருந்தது. தளர்ந்ததற்குக் காரணம் நானே. ஐப்பசியில் பட்டைகளை மாற்றியபோது, அழகுக்காகத் தடிமனாகப் பெயிண்ட் அடித்து அதன் மேலேயே யூ போல்ட்டை இறுக்கினேன். ஓட்டத்தில் பெயிண்ட் நசுங்கியது, இறுக்கம் போயிற்று, மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்தபின், ஜாக்கி போடுவதற்கு முன்பே, பாரம் தரையில் இருக்கும் நிலையில் ஒரு முறை குனிந்து பார்க்கிறேன். யூ போல்ட்டின் ஓரத்தில் செங்காவிப் பொடி தெரிந்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்று பொருள். இரு பக்கமும் ட்ரெய்லரின் அடிச்சட்டத்தின் உயரத்தை அளப்பேன். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கமான் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிறகு அச்சுக்கு அடியில் அல்லாமல் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, கமானின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளைக் கடப்பாரையால் நெம்பிப் பார்ப்பேன். அதன் போல்ட்டைச் சுற்றியுள்ள உறையான புஷ் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும், விட்டுவிட்டால் போல்ட் ஓட்டை முட்டை வடிவாகிவிடும். வீல் பேரிங்குக்கு ஆண்டுக்கொரு முறை புது கிரீஸ். பட்டைகளுக்கு இடையிலும் கிரீஸ் பூசச் சொல்பவர்கள் உண்டு. புழுதிச் சாலையில் அது மணலைச் சேர்த்து உப்புத்தாள் ஆகிறது என்பதால் நான் பூசுவதில்லை. விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

புது யூ போல்ட்டுகள் போட்டு, ஆரியங்காவு வரை பாரத்தோடு போய்த் திரும்பி, அன்று மாலையே ஸ்பேனர் வைத்தேன். எல்லா நட்டுகளும் கால் சுற்று திரும்பின.